ஈயச் சிப்பாயின் சாதி

மேசைப் போர் விளையாட்டு என்று நான் இங்கே சொல்வது கணினித் திரையில் சுட்டுத் தள்ளுகிற விளையாட்டை அல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த மனிதர்கள், பெரும்பாலும் நடுவயது ஆண்கள், ஒரு பெரிய மேசையில் பச்சைத் துணி விரித்து, அட்டையில் மலையும் பஞ்சில் மரமும் செய்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரமுள்ள உலோகச் சிப்பாய்களை அணிவகுத்து, என்றோ நடந்து முடிந்த ஒரு போரைத் திரும்ப ஆடுகிறார்கள். வாட்டர்லூவாக இருக்கலாம், கெட்டிஸ்பர்க்காக இருக்கலாம். ஒவ்வொரு பொம்மைக்கும் அந்தந்தப் படைப்பிரிவின் சீருடை நிறம் பிசகாமல் சாயம் பூசுகிறார்கள். ஒரு படையைத் தீட்டி முடிக்க வருஷக்கணக்கில்கூட ஆகும். பிறகு அளவுநாடா, பகடை, விதிநூல். ஒரு பக்கத்துக்கு ஒருவர், சில சமயம் நாலைந்து பேர்.

“பணக்காரன் பொழுதுபோக்கு. இதைப் போய் எதுக்கு எழுதறீங்க?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். என் பதில் இது: சினிமாவையும் பாடநூலையும் விளம்பரத்தையும் பிரதியாக வாசிக்க நாம் கற்றுக்கொண்டாயிற்று. அவற்றில் யார் பேசுகிறார்கள், யார் பேசாமலாக்கப்படுகிறார்கள் என்று கேட்கத் தெரிகிறது. விதிநூலை மட்டும் நாம் வாசிப்பதில்லை. வரலாற்று நூல் ‘இப்படி நடந்தது’ என்கிறது; அதோடு சண்டை போடலாம். விதிநூல் ‘எதெல்லாம் நடக்க முடியும்’ என்று சொல்கிறது. அதையும் சொல்லாகச் சொல்வதில்லை, எண்ணாகச் சொல்கிறது. எண்ணோடு சண்டை போட யாருக்கும் தோன்றுவதில்லை.

இதன் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். 1780இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் ஹெல்விக் என்பவர் சதுரங்கத்தை விரித்துப் பெருக்கி ஒரு போர் விளையாட்டைச் செய்தார். சதுரங்கம் என்ற பெயரிலேயே நாலு அங்கமுள்ள படை இருக்கிறது. ஆகவே இது ஒருவகையில் வீடு திரும்பல் என்றும் சொல்லலாம். ஆனால் சதுரங்கத்தில் குதிரை எப்போது எதை வெட்டினாலும் அது செத்துத்தான் போகும். தப்பாது, காயப்படாது, பயந்து ஓடாது. உண்மையான போரில் அப்படியா? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் அப்பாவும் மகனும். அப்பா 1812இல் அரசருக்கு ஒரு மேசையையே செய்து கொடுத்தார். பீரங்கிப் படை அதிகாரியான மகன் 1824இல் விதிகளை அச்சிட்டார். கட்டங்கள் போயின, 1:8000 அளவிலான நிலப்படம் வந்தது. ஒரு சுற்று என்பது இரண்டு நிமிடப் போர். சுட்டால் எத்தனை பேர் விழுவார்கள் என்பதைப் பகடையும் அட்டவணையும் சேர்ந்து சொல்லும். நடுவில் நடுவர். எதிரி எங்கே இருக்கிறான் என்பது ஆடுகிறவருக்குத் தெரியாது, நடுவருக்குத்தான் தெரியும். தலைமைத் தளபதியகத்தின் முஃப்லிங் முதலில் அசட்டையாக உட்கார்ந்து பார்த்தார். ஆட்டம் வளர வளர நிமிர்ந்து உட்கார்ந்தார். இது விளையாட்டே அல்ல, போருக்கான பயிற்சி என்று சொல்லிப் படை முழுவதற்கும் பரிந்துரைத்தார். மகன் ரைஸ்விட்ஸ் 1827இல் தற்கொலை செய்துகொண்டார். விளையாட்டு மட்டும் பிழைத்துக்கொண்டது.

நடுவர் என்ற இந்த ஆளை மறக்கக் கூடாது. 1942 மே மாதம் ஜப்பானியக் கடற்படை, மிட்வே தாக்குதலை ‘யமாட்டோ’ கப்பலில் மேசைமேல் ஆடிப் பார்த்தது. பகடையின்படி அமெரிக்க விமானங்களின் குண்டுகள் ஒன்பது இலக்கில் விழுந்தன. அகாகி, ககா என்ற இரண்டு விமானம்தாங்கிகள் மூழ்கின. நடுவராக இருந்த அட்மிரல் உகாகி ‘ஒன்பது இல்லை, மூன்று’ என்று திருத்தினார். அகாகி பிழைத்தது. மூழ்கியதாக மிஞ்சிய ககாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் மேலே வந்துவிட்டது. அடுத்த மாதம் நிஜக் கடலில் இரண்டும் மூழ்கின, கூடவே இன்னும் இரண்டும்.

ராணுவத்தின் கையிலிருந்து இதை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தவர் எச்.ஜி. வெல்ஸ். 1913இல் அவர் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ இந்தப் பொழுதுபோக்கின் ஆதிநூல் எனலாம். வில்சுருள் வைத்த பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சியைச் சுட்டு எதிரியின் ஈயச் சிப்பாய்களைக் கீழே சாய்ப்பார். பகடை கிடையாது, கண்ணும் கையும்தான். வெல்ஸ் போரை வெறுத்தவர். இந்தச் சின்னப் போரை நாலு தடவை ஆடிப் பார்த்தவன் பெரிய போர் எவ்வளவு மடத்தனமானது என்று புரிந்துகொள்வான் என்று நூலின் முடிவில் வாதாடினார். அடுத்த வருஷமே பெரிய போர் வந்தது. போருக்கெல்லாம் முடிவு கட்டப்போகிற போர் இது என்று அதை ஆதரித்தும் அவரே எழுதினார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் போன்றவர்கள் (டாங்கிப் படையில் இருந்தவர், 1962இல் ‘வார் கேம்ஸ்’ எழுதினார்) இதை இன்றுள்ள வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். இதன் ஒரு கிளையிலிருந்துதான் 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பிறந்தது; அது தனிக் கதை.

விதி எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பொம்மை ஒரு மனிதன் அல்ல. விதிநூலுக்கு விதிநூல் மாறும், என்றாலும் இருபது பேருக்கு ஒரு பொம்மை என்பது பரவலான கணக்கு. மேசையில் இத்தனை சென்டிமீட்டர் இத்தனை கெஜம், ஒரு சுற்று இத்தனை நிமிஷம். சுட்டால் பகடை, மோதினால் பகடை. இதுவரைக்கும் பௌதிகம். துப்பாக்கி எத்தனை தூரம் சுடும் என்பதற்கு ஒரு விடை உண்டு, அதைத் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

அடுத்து வருவதுதான் விஷயம். ஒரு படைப்பிரிவில் குறிப்பிட்ட அளவு பொம்மைகள் விழுந்ததும், மிஞ்சியவர்கள் நிற்பார்களா ஓடுவார்களா என்று ஒரு சோதனை. மன உறுதிச் சோதனை. ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எண் முன்கூட்டியே தரப்பட்டிருக்கும். பகடை அதற்குள் விழுந்தால் நிற்பார்கள், தாண்டினால் ஓடுவார்கள். இந்த எண்ணை யார் தருவது? எதை வைத்து? நெப்போலியப் போர்களுக்கான விதிநூல்கள் பலவற்றில் ‘தேசிய குணம்’ என்றே ஒரு பகுதி இருந்தது. ஆங்கிலேயக் காலாள் அசையமாட்டான், பிரெஞ்சுக்காரன் பாய்ந்து வருவான், ஸ்பானியன் சீக்கிரம் கலைந்துவிடுவான், இப்படி. எழுதியவர்களில் பலர் ஆங்கிலேயர், படித்ததெல்லாம் ஆங்கிலத் தளபதிகளின் நினைவுக்குறிப்புகள். எதிரியைப் பற்றியும் தன் கூலிப்படையைப் பற்றியும் ஒரு தளபதி 1815இல் முணுமுணுத்தது 1970களில் ‘கழித்தல் ஒன்று’ ஆகிறது. ஆவணக்காப்பகத்தின் முன்முடிவு அட்டவணைக்குள் நுழைவது இந்த வழியாகத்தான். நுழைந்த பிறகு அது முன்முடிவாகத் தெரிவதில்லை. பகடை உருள்கிறது, ஸ்பானியன் ஓடுகிறான், ‘பார்த்தியா, சரித்திரத்திலும் இப்படித்தான்’ என்கிறோம்.

இந்தப் பொழுதுபோக்குக்குள்ளேயே இதை எதிர்த்துப் பேசியவர்கள் உண்டு. ஓடியது ஸ்பானியன் என்பதால் அல்ல. சம்பளம், பயிற்சி, சோறு, நம்பத்தகுந்த அதிகாரி எதுவும் இல்லாததால் என்றார்கள். தேசத்தைத் தூக்கிவிட்டு ‘பயிற்சி பெற்றவர், பெறாதவர்’ என்று தரம் பிரிக்கிற விதிநூல்கள் வந்தன. முன்னேற்றம்தான்.

காலனியப் போர்களின் மேசையில் வேறொரு சிக்கல். 1898 செப்டம்பர் 2, சூடானின் ஓம்டுர்மான். மாக்சிம் துப்பாக்கிகளுக்கு முன்னால் மஹ்தியின் வழிவந்தவர்கள் பத்தாயிரத்துக்கு மேல் செத்தார்கள். ஆங்கில எகிப்தியப் படையில் 48 பேர். இதை உள்ளபடி மேசையில் வைத்தால் ஆட யார் வருவார்கள்? ஒருவர் பகடையை உருட்டிக்கொண்டே இருப்பார், மற்றவர் பொம்மைகளைப் பொறுக்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே இருப்பார். விளையாட்டு என்றால் இரண்டு பக்கமும் ஜெயிக்க வாய்ப்பு வேண்டும். நம் ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு வைத்துச் சரிக்கட்டுகிறோம் இல்லையா, அந்த மாதிரி இங்கேயும் சரிக்கட்ட வேண்டும். அதனால் ‘சுதேசி’களுக்கு வெறியைக் கூட்டு, எங்கிருந்தோ திடீரென்று முளைக்க வை, செத்தவனைத் திரும்ப மேசைக்கு அனுப்பு. நேர்மையான ஆட்டம் வேண்டும் என்கிற நல்லெண்ணமே காலனியத்தை இரண்டு சமபலசாலிகளின் மோதலாக மாற்றிவிடுகிறது. சுதேசியின் ‘வெறி’ ஒரு விதியாகவும் நிலைத்துவிடுகிறது. இது சதி அல்ல. வடிவத்தின் தேவை. எனக்கு இதுதான் அதிகம் கவலை தருகிறது.

இந்த இடத்தில் கி தெபோரைக் கொண்டுவர வேண்டும். ‘காட்சிச் சமூகம்’ எழுதிய அதே தெபோர்தான். அவர் ஒரு போர் விளையாட்டைக் கண்டுபிடித்து 1965இல் காப்புரிமை பெற்றார். 1977இல் பதிப்பாளர் லெபோவிசியோடு சேர்ந்து இதற்கென ஒரு நிறுவனமே தொடங்கி, உலோகத்தில் சில பிரதிகள் செய்தார். 1987இல் மனைவி ஆலிஸ் பெக்கர்-ஹோவுடன் ஆடிய ஓர் ஆட்டத்தை நகர்த்தல் நகர்த்தலாகப் புத்தகமாக்கினார். தன்னுடைய காரியங்களில் ஏதாவது மதிப்புடையது என்று யாராவது ஒத்துக்கொள்வார்களென்றால் அது இந்த ஆட்டமாகத்தான் இருக்குமோ என்ற தொனியில் 1989இல் எழுதியும் இருக்கிறார். பாதி நக்கல், பாதி நிஜம். ஐந்நூறு கட்டங்கள். சரித்திரத்தின் குறிப்பிட்ட போர் எதுவும் அதில் இல்லை. கிளாஸ்விட்ஸைப் படித்தவர் பதினெட்டாம் நூற்றாண்டுப் போரின் எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். முக்கியமான விதி ஒன்றுதான்: ஆயுதக் கிடங்கிலிருந்து நேர்கோடுகளாகத் தொடர்புக்கோடுகள் புறப்படும். அந்தக் கோட்டிலிருந்து அறுந்த படை நகரவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. எவ்வளவு பெரிய வீரனானாலும் சரி.

தன் ஆட்டத்தில் எதெல்லாம் இல்லை என்று தெபோரே சொல்லியிருக்கிறார்: பருவநிலை, எதிரி எங்கே என்ற நிச்சயமின்மை, படைகளின் மன உறுதி. அவர் இதைக் குறையாகத்தான் சொன்னார். எனக்கு இது குறையாகப் படவில்லை.

இனி என் சோதனைக்கு வருகிறேன். பீமா கோரேகானை மேசையில் வைத்தால் என்ன ஆகும்? இருபது பேருக்கு ஒன்று என்ற கணக்கில் ஈயச் சிப்பாய் வாங்க நமக்கு வசதி இல்லை. புளியங்கொட்டை காலாள், சோழி குதிரைப்படை, வேப்பங்கொட்டை பேஷ்வாவின் ஆட்கள், உருட்டத் தாயக்கட்டை. ஒரு சாக்பீஸ் ஆறு.

நமக்குத் தெரிந்தது இவ்வளவு. 1817 டிசம்பர் 31 இரவு ஷிரூரிலிருந்து கேப்டன் ஸ்டாண்டனின் படை புனேயைக் காக்கப் புறப்பட்டது. பம்பாய்ச் சுதேசிக் காலாட்படை சுமார் 500, குதிரைப்படை சுமார் 300, மதராஸ் பீரங்கிப் படையின் இரண்டு ஆறு பவுண்டு பீரங்கிகள். மொத்தம் 834 பேர். ராத்திரி முழுக்க நடந்து காலையில் பீமா ஆற்றை எட்டியபோது எதிரே இரண்டாம் பாஜிராவின் படை, இருபதாயிரம் குதிரையும் எட்டாயிரம் காலாளும். ஸ்டாண்டன் கோரேகான் ஊருக்குள் புகுந்துகொண்டார். பேஷ்வா தரப்பிலிருந்து அரபிகளும் கோசாவிகளும் அடங்கிய அறுநூறு அறுநூறு பேர் கொண்ட மூன்று அணிகள் தாக்கின. பகல் முழுக்க ஊருக்குள் இருந்தவர்களுக்குச் சோறு இல்லை, தண்ணீர் இல்லை. இரவுதான் தண்ணீர் கிடைத்தது. ஒன்பது மணியளவில் சண்டை ஓய்ந்தது. ஸ்டாண்டன் இழந்தது, காயம்பட்டவர் காணாமல்போனவர் உட்பட, 275. ஜெனரல் ஸ்மித்தின் பெரும்படை நெருங்குகிறது என்ற பயத்தில் பேஷ்வா விலகிப் போனார். ஸ்டாண்டனும் புனே போகவில்லை, ஷிரூருக்கே திரும்பினார்.

கும்பினி நட்ட தூணில் செத்தவர்களின் பெயர் 49. அதில் 22 பெயர்கள் மகார்களுடையவை என்பது பெயர்களின் ‘நாக்’ விகுதியால் தெரிகிறது. 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போனார். அதிலிருந்து அது வேறு தூண் ஆயிற்று. பேஷ்வாக்களின் பார்ப்பன ஆட்சி மண்ணைக் கவ்விய இடம் ஆயிற்று. இருநூறாம் ஆண்டான 2018 ஜனவரி 1இல் அங்கே கூடியவர்கள் தாக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு தொடுக்கப்பட்ட வழக்கில் எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் செயல்பாட்டாளர்களுமாக 16 பேர் கைதானார்கள். அவர்களில் ஒருவரான, திருச்சிப் பக்கத்துக்காரர் ஸ்டேன் சுவாமி, 2021 ஜூலை 5இல் காவலில் இருந்தபடியே மருத்துவமனையில் இறந்தார். இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு நாள் சண்டை இன்னும் முடியவில்லை. அதனால்தான் வாட்டர்லூவை விட்டு இதை எடுத்தேன்.

விதி எழுத உட்கார்ந்ததும் முதல் சண்டை மன உறுதி எண்ணில்தான். “மகார் சிப்பாய்களுக்கு ஒண்ணு கூட்டிக் குடுங்க தோழர்” என்றார் நண்பர். “அவங்களுக்கு அது கும்பினிக்காக மட்டும் நடந்த சண்டை இல்லையே. கழுத்துல கலயம் கட்டவச்சவனுக்கு எதிரா நிக்கறாங்க. அந்த ஆவேசம் எண்ணில வரவேண்டாமா?”

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் ‘இந்தச் சாதிக்காரனுக்கு இயல்பிலேயே இவ்வளவு வீரம்’ என்று எண் போடுகிற வேலையை ஏற்கனவே ஒருவர் செய்திருக்கிறார். 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்கும், பிறகு 1893 வரை இந்தியப் படை முழுவதற்கும் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ். வடக்கே இருப்பவன் போர்வீர இனம், தெற்கத்தியான் லாயக்கில்லை என்றார். பறையர்கள் கணிசமாக இருந்த மதராஸ் படை சுருக்கப்பட்டது. 1892 வாக்கில் மகார்களுக்கும் ராணுவக் கதவு மூடப்பட்டது. அதைத் திறக்கச் சொல்லி 1890களிலும் 1910இலும் மகார்கள் மனுப் போட்டபோது, நாங்களும் வீரர்கள்தான், எங்கள் முன்னோர்கள் உங்களுக்காகச் சண்டை போட்டவர்கள் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. வேறு எந்தச் சொல்லாடல் அவர்களுக்குக் கிடைத்தது? வேலையும் பென்ஷனும் பள்ளிக்கூடமும் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தன. ராபர்ட்ஸின் அட்டவணைக்குள் நின்றுகொண்டு கழித்தலைக் கூட்டலாக்கச் சொல்லிக் கேட்டார்கள். அவர்களுக்கு அது தந்திரம், தேவை. 1941இல் மகார் ரெஜிமென்ட்டும் அமைந்தது. இன்றைக்கு உட்கார்ந்து விதி எழுதுகிற நாம் அதே அட்டவணையைத் தூசி தட்டி எடுத்துக் குறியை மட்டும் மாற்றுவோமா? அந்தப் படையில் மகார்களோடு மராத்தியர், முஸ்லிம்கள், யூதர்களும் இருந்தார்கள். யாருக்கு எந்தக் கொட்டை? எங்கள் கணக்கில் அந்த 22 பேரும் சேர்ந்தால் ஒரு புளியங்கொட்டை, அதற்குமேல் கொஞ்சம். அவ்வளவுதான்.

நண்பர் சமாதானமாகவில்லை. “அப்ப சாதியே இல்லாத ஒரு கோரேகானைச் செய்யறீங்க. அதுவும் அரசியல்தானே?” என்றார். ஆமாம். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

கடைசியில் தெபோரின் வழியில் போனோம். எல்லாருக்கும் ஒரே மன உறுதி எண். பதிலாகத் தண்ணீர் விதி: ஆற்றோடு தொடர்பு அறுந்தால் ஆறு சுற்றுக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்த எண்ணில் ஒன்று குறையும். அரைமணிக்கு ஒரு சுற்று, மொத்தம் இருபது. புளியங்கொட்டை 25, சோழி 15, வேப்பங்கொட்டை 90. மீதி இருபத்தாறாயிரம் பேர் மேசைக்கு வெளியே, எங்கள் ஆட்டத்தில் வேடிக்கை பார்க்கிறவர்கள்.

முதல் ஆட்டத்தில் பேஷ்வா பக்கம் உட்கார்ந்தவர் தாக்கவே இல்லை. வேப்பங்கொட்டைகளை ஆற்றங்கரை ஓரமாக அடுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். “எதுக்கு வீணா ஆள் சாகணும்? தண்ணி இல்லாம எத்தனை நேரம் தாங்குவாங்க?” பதினான்காம் சுற்றில் ஊர் விழுந்தது. அப்படியானால் பாஜிராவின் ஆட்கள் ஏன் வரிசை வரிசையாக வந்து மோதினார்கள்? அவர்களிடம் நேரம் இல்லை. பின்னால் ஸ்மித் வந்துகொண்டிருந்தார். இரண்டாவது ஆட்டத்தில் ஸ்மித்தைச் சேர்த்தோம்: எட்டாம் சுற்றிலிருந்து ஒவ்வொரு சுற்றும் தாயம் போட வேண்டும், ‘ஒன்று’ விழுந்தால் பேஷ்வா விலகியே ஆகவேண்டும். உடனே ஆட்டத்தின் முகமே மாறிவிட்டது. டீ குடித்தவர் நாற்காலி நுனிக்கு வந்து, தெருத்தெருவாக மோதி, பாதிக் கொட்டைகளை இழந்தார். பதினேழாம் சுற்றில் தாயம் விழுந்தது.

கும்பினியின் வீரக்கதையும் நம்முடைய வீரக்கதையும் கோரேகானை மன உறுதி என்ற ஒரே எண்ணில்தான் வைத்திருக்கின்றன. ஆடிப் பார்க்கும்போது ஆறும் கடிகாரமும் பெரிதாகின்றன. இது அந்த 22 பேரைச் சிறுமைப்படுத்துகிறதா? நான் அப்படி நினைக்கவில்லை. தாகத்தோடு ஒரு பகல் முழுக்க ஒரு மண்சுவருக்குப் பின்னால் நின்றவர்களை, ‘பிறவி வீரர்’ என்று சொல்லாமலே நம்மால் பார்க்க முடிகிறது. அம்பேத்கர் 1927இல் அந்தத் தூணை வைத்துச் செய்தது இருபது சுற்றுக்குள் அடங்குகிற காரியமும் இல்லை.

விதித்தாளில் ‘வெற்றி’ என்ற தலைப்புக்குக் கீழே இன்னும் எதுவும் எழுதவில்லை. ஊரைப் பிடித்தவனுக்கா, நாள் முடிகிறவரை நின்றவனுக்கா, கடைசியில் களத்தில் மிஞ்சியவனுக்கா? அன்று இரண்டு தரப்புமே களத்தை விட்டுப் போனது. நண்பர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேஷ்வா பக்கம் தான் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். முதலில் மாட்டேன் என்றவர். ஊரின் கிணறுகளைப் பற்றி ஏதாவது குறிப்பு கிடைக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறோம், ஏனென்றால் தண்ணீர் விதியைத் திருத்த வேண்டியிருக்கிறது.